மேடையிலிருந்து முற்றத்துக்கு: ஈழத்தில் பௌத்தமும் கிறிஸ்தவமும் பேசிக்கொண்ட கதை

(சென் ஜேம்ஸ் ரவுணில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பௌத்தமும் கிறிஸ்தவமும் உலகத்தை எப்படிப் பார்க்கின்றன, அந்த இரண்டு பார்வைகளும் ஒன்றோடொன்று பேச முடியுமா என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட பொருள். கேட்பதற்கு இது பல்கலைக்கழக வகுப்பறைக்குரிய கேள்வி போலத் தோன்றலாம். ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு இது அவ்வளவு தூரத்துக் கேள்வி அல்ல. 1983 ஆடியில் தமிழர் மீது நடந்த கலவரத்துக்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வந்த எம்மவரில் எத்தனையோ பேர் முதலில் பாய் விரித்துப் படுத்தது சென் ஜேம்ஸ் ரவுணின் இந்த உயர்மாடிகளில்தான். ஸ்காபரோவும் மார்க்கமும் பிறகு வந்தவை. அவர்களை இங்கே துரத்தி அனுப்பிய கலவரத்தை நடத்தியவர்கள் பௌத்தத்தின் பெயரையும் கையில் வைத்திருந்தார்கள். ஆகவே பௌத்தம் என்ற பெயரைக் கேட்டவுடன் எம்மில் பலருக்குப் போதிமரம் நினைவுக்கு வருவதில்லை, எரிந்த வீடு நினைவுக்கு வருகிறது. அந்த வலியை மறைத்துக்கொண்டு இந்தப் பொருளைப் பேச முடியாது. அந்த வலியோடுதான் பேசப்போகிறேன்.

நான் சொல்ல வந்ததை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் இவ்விரு சமயங்களும் முதலில் ஆயுதத்தால் சந்தித்தன, பிறகு வாதத்தால் சந்தித்தன. ஒருவர் மற்றவரிடம் மாணவராகப் போய் அமர்ந்த பிறகே உண்மையான உரையாடல் தொடங்கியது. அப்படி அமர்ந்தவர்கள் கண்டுகொண்டது ஒன்று: இரு சமயங்களும் மனிதனின் ‘நான்’ என்ற பிடியைத் தளர்த்தவே வந்தவை. அந்தப் பிடி தனி மனிதனிடம் மட்டுமல்ல, இனத்திடமும் இருக்கிறது. இதை உணர்ந்தால் எம் காயத்தைப் பற்றியும் நீதியைப் பற்றியும் பேச எமக்குப் புதியதொரு மொழி கிடைக்கும் என்று நம்புகிறேன்.

ஆயுதத்தின் காலம்

யாழ்ப்பாணத்திலிருந்தே தொடங்குவோம். 1560ஆம் ஆண்டு போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா யாழ்ப்பாண அரசின் மீது படையெடுத்தான். கொள்ளையடித்த பொருள்களுக்குள் ஒரு பல் இருந்தது. புத்தரின் திருப்பல் அதுவே என்று நம்பிய பர்மாவின் பெகு நாட்டு மன்னன் அதை மீட்கப் பெருந்தொகை தருவதாகச் சொல்லியனுப்பினான். கோவாவில் இருந்த படைத்தலைவர்களுக்கு அந்தப் பணத்தின் மேல் ஆசை. திருச்சபைத் தலைவர்களோ விக்கிரக வழிபாட்டுக்குத் துணைபோகக் கூடாது என்றார்கள். முடிவில் பேராயரே அந்தப் பல்லை உரலில் இட்டு இடித்து, நெருப்பில் எரித்து, சாம்பலை ஆற்றில் கொட்டினார். உண்மையான திருப்பல் பறிபோகவேயில்லை என்பது சிங்கள மரபின் நம்பிக்கை. எது எப்படியிருந்தாலும், ஒரு சமயத்தார் உயிரினும் மேலாகப் போற்றியதை இன்னொரு சமயத்தார் பொடியாக்கிய அந்தச் செயல் நடந்தது உண்மை.

இதற்கு முன்பே, 1544இல், யாழ்ப்பாண மன்னன் சங்கிலி மன்னாரில் கிறிஸ்தவத்துக்கு மாறிய நூற்றுக்கணக்கானோரைக் கொன்றிருந்தான். இரத்தம் எல்லாத் திசையிலும் சிந்தியிருக்கிறது.

கடலுக்கு அப்பால் நாகப்பட்டினத்தைப் பாருங்கள். முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் அங்கே சூடாமணி விகாரையை எழுப்பினான். அந்தப் பௌத்தத் தலத்தின் எச்சமாகக் கருதப்பட்ட செங்கற் கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் கடலோடிகளுக்கு அடையாளமாக நின்றது. 1867இல் அரசாங்க அனுமதியோடு இயேசு சபையினர் அதை இடித்தார்கள். அந்த ஊரின் மண்ணுக்குள்ளிருந்து 1856 முதல் கிடைத்த பௌத்தப் படிமங்கள் ஏறத்தாழ 350. அவற்றுட் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தமிழ் மண்ணில் தமிழ் அரசன் கொடுத்த நிலத்தில் வளர்ந்த பௌத்தம் அது.

வாதத்தின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்க்களம் மேடைக்கு மாறியது. அச்சு இயந்திரமும் மிஷன் பள்ளிகளும் வந்திருந்தன. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவத்துக்காகச் செய்ததைத் தென்னிலங்கையில் பௌத்தத் துறவிகள் பௌத்தத்துக்காகச் செய்தார்கள். 1865இல் பத்தேகமவில் ஒரு விவாதம், 1866இல் உதன்விட்டவில் இன்னொன்று, 1871இல் கம்பளையில் மற்றொன்று. எல்லாவற்றுக்கும் சிகரம் 1873 ஓகஸ்ட் 26, 28 ஆகிய நாட்களில் பாணந்துறையில் நடந்தது. ஒரு பக்கம் வெஸ்லியன் சபையின் டேவிட் டி சில்வா பாதிரியாரும் உபதேசியார் சிறிமான்னவும். மறுபக்கம் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். கேட்கத் திரண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

எதைப் பற்றி வாதிட்டார்கள்? முதலாவது கேள்வியே ஆன்மா. டேவிட் டி சில்வா பாளி கற்றவர். அவர் சொன்னார்: மனிதன் என்பது உடல், உணர்வு முதலான ஐந்து கந்தங்களின் கூட்டு, அவை சாவில் கலைந்துபோகும், நிலையான ஆன்மா கிடையாது என்று பௌத்தம் போதிக்கிறது. அப்படியென்றால் செய்த வினையின் பயனை அனுபவிப்பவன் யார்? ஒருவன் பாவம் செய்ய இன்னொருவன் தண்டனை பெறுவதா? ஆன்மா இல்லாவிட்டால் மனிதனுக்கும் விலங்குக்கும் என்ன வேறுபாடு?

குணானந்த தேரர் மறுபிறப்புப் பற்றிய மரபான பதிலைச் சொன்னார்: மீண்டும் பிறப்பது அதே ஆளும் அல்ல, வேறு ஆளும் அல்ல. ஒரு விளக்கின் சுடரிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் இரண்டாவது சுடர் முதலாவதுதானா, வேறா என்று சொல்ல முடியாதல்லவா? அதைப் போன்றதே பிறவித் தொடர்ச்சி என்பது பௌத்த மரபு. பிறகு அவர் விவிலியத்தின் பக்கம் திரும்பினார். எல்லாம் அறிந்த கடவுள் தாம் செய்ததற்காக மனம் வருந்துவாரா? எகிப்தில் தம் மக்களின் வீடுகளை அடையாளம் காண வாசல் நிலையில் இரத்தக் குறி எதற்கு? இரண்டாம் நாள் வாதம் மேரு மலைக்கும் நியூட்டனின் விஞ்ஞானத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

மக்கள் ஆரவாரத்தோடு தேரரே வென்றார் என்று முடிவுசெய்தார்கள். அந்த வெற்றியின் விளைவு பெரியது. விவாதத்தின் ஆங்கில அறிக்கை கடல் கடந்து போனது. அதைப் படித்த அமெரிக்கரான கேர்ணல் ஒல்கொட் 1880 மே மாதம் காலியில் வந்திறங்கி, தம் சகபணியாளரான பிளவாட்ஸ்கி அம்மையாரோடு பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். பௌத்தப் பாடசாலைகள் எழுந்தன. அடக்கப்பட்டிருந்த ஒரு சமயம் தலைநிமிர்ந்தது, அது நியாயமானதுதான். ஆனால் நிமிர்ந்த அந்தத் தலைக்குள் ‘நாங்கள், அவர்கள்’ என்ற பிரிவும் கூடவே வளர்ந்தது.

இந்த விவாதத்தில் இரு தரப்பும் மற்றவரின் நூல்களை ஆழமாகப் படித்திருந்தன. படித்த நோக்கம் ஓட்டை தேடுவது. துன்பம் எங்கிருந்து வருகிறது, அதிலிருந்து மனிதன் எப்படி விடுபடுவான் என்ற கேள்வி புத்தருக்கும் இயேசுவுக்கும் உயிர்நாடியாக இருந்தது. இரண்டு நாள் மேடையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

அதே கேள்வி, நூறு ஆண்டுகள் கழித்து

இனி நான் நின்று பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். டேவிட் டி சில்வா சார்ந்த அதே வெஸ்லியன் மரபில், மெதடிஸ்த திருச்சபையில், 1919இல் பிறந்த இன்னொரு டி சில்வா போதகரானார். அவர் லின் டி சில்வா. கொழும்பில் கற்கைக்கும் உரையாடலுக்குமான ஒரு கிறிஸ்தவ ஐக்கிய நிறுவனத்தை நடத்தினார். ‘டயலொக்’ என்ற ஏட்டைப் பதிப்பித்தார். 1975இல் பௌத்தத்திலும் கிறிஸ்தவத்திலும் ‘தான்’ என்பதன் சிக்கலைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. பாணந்துறையில் கிறிஸ்தவர்கள் பௌத்தத்தின் மீது எறிந்த அதே கேள்வியை அவர் எடுத்துக்கொண்டு, அதைத் தம் சொந்தச் சமயத்தை நோக்கித் திருப்பினார். அழியாத ஆன்மா ஒன்று மனிதனுக்குள் இயல்பாகவே குடியிருக்கிறது என்று விவிலியம் உண்மையில் சொல்கிறதா?

அவர் கண்ட விடை: சொல்லவில்லை. எபிரேயர்களின் பார்வையில் மனிதன் மண்ணால் ஆனவன். கடவுளின் மூச்சு அவனுக்குள் இருக்கும்வரை உயிர், அது நீங்கினால் மறுபடி மண். அழியாத ஆன்மா உடம்பென்ற சிறைக்குள் அடைபட்டிருக்கிறது என்ற கருத்து கிரேக்கத் தத்துவத்திலிருந்து, குறிப்பாகப் பிளேட்டோவின் வழியாக, கிறிஸ்தவத்துக்குள் வந்தது. ஆதிக் கிறிஸ்தவர்கள் நம்பியது உயிர்ப்பை. மனிதன் தன் இயல்பில் நிலையற்றவன், அவனுக்கு வாழ்வு கிடைத்தால் அது கடவுள் கொடுக்கும் கொடை. அப்படியானால் நிலையான ஆன்மா இல்லை என்ற புத்தரின் போதனையைக் கண்டு கிறிஸ்தவன் அஞ்சத் தேவையில்லை, அதனிடம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். தன்னளவில் மனிதன் ஒன்றுமில்லை என்று சொல்லப் பௌத்தத்தைப் போலத் துல்லியமான மொழி கிறிஸ்தவத்திடம் இல்லை என்பது அவர் எண்ணம்.

அங்கேயே அவர் நின்றுவிடவும் இல்லை. ‘நான்’ கரைந்த பின் என்ன எஞ்சும்? உறவு எஞ்சும் என்பது அவருடைய கிறிஸ்தவ விடை. கடவுளோடும் பிற மனிதரோடும் உள்ள அன்புறவில் மனிதன் தன்னை இழக்கிறான், இழந்தே தன்னை அடைகிறான். பௌத்தர் ஒருவர் இதை இப்படியே ஏற்கமாட்டார். தாங்கிப் பிடிக்கும் கடவுள் அவருக்குத் தேவைப்படுவதில்லை. காரண காரியச் சங்கிலியைப் புரிந்துகொண்டு வேட்கையை அறுத்தால் துன்பம் ஓயும் என்பது அவர் வழி. உலகம் ஒருவரால் படைக்கப்பட்டதா, வரலாற்றுக்கு ஒரு முடிவு இருக்கிறதா, விடுதலை தன் முயற்சியா அருளா என்ற கேள்விகளில் இரு சமயங்களும் இன்றைக்கும் வெவ்வேறு திசையில்தான் நிற்கின்றன. எல்லாச் சமயமும் ஒன்றே சொல்கிறது என்று கூறி இந்த வேறுபாட்டை மூடிவிடுவது இரண்டையும் அவமதிப்பதாகும். லின் டி சில்வா மூடவில்லை. வேறுபாட்டைத் திறந்து வைத்துக்கொண்டே மற்றவரின் வெளிச்சத்தில் தம் வேதத்தை மறுபடி வாசித்தார். பாணந்துறைக்கு இலங்கைக் கிறிஸ்தவம் தந்த நேர்மையான பதில் அதுவே என்று நான் கருதுகிறேன். அதற்கு நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

மாணவராக அமர்ந்தவர்

இந்த மண்டபத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஷெர்போன் வீதியில், லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது. அங்கே பணிசெய்வோர் இயேசு சபைத் துறவிகள். நாகப்பட்டினத்துக் கோபுரத்தை இடித்ததும் இதே சபைதான். களனியில் ‘துலான’ என்ற ஆய்வு மையத்தை 1974இல் தொடங்கிய அருட்தந்தை அலோசியஸ் பீரிஸும் அந்தச் சபையைச் சேர்ந்தவரே. ஒரே சபைக்குள் நூறு ஆண்டுகளில் எவ்வளவு தூரம் நடந்துவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பீரிஸ் 1934இல் அம்பிட்டியவில் பிறந்தவர். பௌத்தத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் போதாது என்று துணிந்து துறவிகளிடமே மாணவராகப் போனார். பௌத்த தத்துவத்தில் இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கிறிஸ்தவர் என்று அவரைச் சொல்வார்கள். அவர் தொடங்கிய மையத்தில் பௌத்தக் கலைஞர்கள், தாங்கள் கண்டுணர்ந்தபடியே இயேசுவை வரைந்தார்கள், மண்ணில் வனைந்தார்கள். ஒரு கிறிஸ்தவன் தன் குருவைப் பற்றிப் பௌத்தரிடம் கேட்டறிவதற்கு அங்கே இடமிருந்தது.

அவர் சிந்தனையின் சாரம் இரண்டு. முதலாவது: ஞானமும் அன்பும் எந்தச் சமயத்தின் தனிச் சொத்தும் அல்ல. பௌத்தம் ஞானத்தின் சமயம், கிறிஸ்தவம் அன்பின் சமயம் என்று மேலோட்டமாகப் பிரித்துவிடுகிறோம். பௌத்தத்துக்குள் மைத்திரியும் கருணையும் இருக்கின்றன. கிறிஸ்தவத்துக்குள் பாலைவனத் துறவிகளின் காலம் முதல் ஆழ்ந்த மௌனமும் அறிவும் இருக்கின்றன. பற்றறுக்கும் ஞானமில்லாத அன்பு பிறரை ஆளும் ஆசையாக மாறிவிடும், அன்பில்லாத ஞானம் பிறர் துன்பத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடும்.

இரண்டாவது: இரு சமயங்களுக்கும் பொது எதிரி ஒன்று உண்டு, அது பேராசை. புத்தர் துன்பத்தின் வேர் வேட்கை என்றார். இயேசு கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருவன் ஒருங்கே ஊழியம் செய்ய முடியாது என்றார். அரச மாளிகையை விட்டுப் போனவரும் தலைசாய்க்க இடமில்லாதவரும் தாமாக விரும்பி ஏற்ற வறுமையில் சந்திக்கிறார்கள். மக்கள் மேல் சுமத்தப்பட்ட வறுமையோ வேறு. அது பேராசையின் விளைவு, அதை எதிர்த்தே தீரவேண்டும். ஆசியத் திருச்சபை இந்த மண்ணின் சமயங்கள் என்ற யோர்தானில் திருமுழுக்குப் பெற வேண்டும், இந்த மண்ணின் வறுமை என்ற கல்வாரியில் சிலுவை சுமக்க வேண்டும் என்ற கருத்தைப் பீரிஸ் விரித்துரைத்தார்.

உரையாடல் எப்போதும் முன்னோக்கியே போனதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பௌத்தத்தைப் பற்றி மதிப்போடு பேசியது. 1994இல் வெளியான திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் நூல் பௌத்தத்தின் மீட்புக் கொள்கையை எதிர்மறையானதென்று எழுதியது. அதன் விளைவாக அவர் 1995 ஜனவரியில் கொழும்புக்கு வந்தபோது பௌத்தத் துறவிகள் அவரைச் சந்திக்க மறுத்தார்கள். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வந்தபோது மடுத் திருத்தலத்துக்குச் சென்றார். கொழும்பில் பௌத்த விகாரை ஒன்றுக்குள்ளும் முன்னறிவிப்பில்லாமல் சென்றார். ஒரு நூலின் சில பக்கங்கள் மூடிய கதவை ஒரு வருகை மறுபடி திறந்தது.

புத்தலவில் ஒரு வீடு

அறிஞர்கள் நூலகத்தில் செய்ததை ஒருவர் கிராமத்து முற்றத்தில் செய்தார். அருட்தந்தை மைக்கல் றொட்ரிகோ அமலமரித் தியாகிகள் சபைத் துறவி. உரோமையிலும் பாரிசிலும் பெற்ற இரண்டு முனைவர் பட்டங்கள் அவரிடம் இருந்தன. 1980இல் அவர் குருமடத்து வாழ்க்கையையெல்லாம் பின்னால் விட்டு, ஊவாவின் கீழ்ப்பகுதியில், புத்தலவுக்கு அருகிலுள்ள அலுகலவித்த என்ற ஏழைக் கிராமத்துக்குப் போனார். முற்றிலும் பௌத்தக் கிராமம். ‘சுப செத் கெதர’ என்று பெயரிட்ட ஓர் எளிய வீட்டில் வாழத் தொடங்கினார்.

மதம் மாற்ற வந்திருக்கிறார் என்ற சந்தேகம் அங்கே எழுந்தது இயல்பே. நாலரை நூற்றாண்டு வரலாறு அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் இருந்தது. அவர் யாரையும் மாற்ற முயலவில்லை. மூலிகை மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, சீனிக் கம்பனிக்காக நிலம் இழந்த விவசாயிகளின் வழக்கு என்று கிராமத்தின் கவலைகளைத் தன் கவலைகளாக்கிக்கொண்டார். விகாரைத் துறவிகளோடு பழகினார். அவர்களும் மெல்ல மெல்ல அவரைத் தங்களவராக ஏற்றார்கள். 1987 நவம்பர் 10 மாலை, அந்த வீட்டில் திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 60. அவருக்காக அழுத கிராமத்தவர்கள் பௌத்தர்கள். ‘தன்னிலிருந்து தன்னலமின்மைக்குக் கடந்துபோதல்’ பற்றிப் பாரிசில் ஆய்வேடு எழுதிய மனிதர், அந்த ஆய்வைத் தம் உடம்பாலேயே முடித்துவைத்தார்.

இன்னொருவரையும் எம்மவர் மறக்கக் கூடாது. குருநாகலின் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. சிங்களவர், பௌத்தச் சூழலில் வேரூன்றிய கிறிஸ்தவத்தை வளர்த்தவர். அவருடைய மறைமாவட்டப் பேராலயமே கண்டிய மரபுக் கட்டடக்கலையில் எழுந்தது. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, நடந்ததற்குச் சிங்கள மக்கள் வெட்கப்பட வேண்டும், தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். அதே ஆண்டு ஒக்ரோபரில் அவர் உயிர் பிரிந்தது. பௌத்தத்தோடு உரையாடியவர்தான் தமிழரின் துயரத்துக்காகவும் குரல் கொடுத்தார் என்பது தற்செயல் இல்லை. ஒரு திசையில் செவி திறந்தவனுக்கு மறு திசையிலும் கேட்கிறது.

எம்முடைய தடை

இப்போது எம்மிடம் வருகிறேன். ஈழத் தமிழர் பௌத்தத்தோடு உரையாடுவது எளிதல்ல. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, 1978 அரசியலமைப்பும் அதைத் தொடர்ந்தது. வடக்கிலும் கிழக்கிலும் பழைய பௌத்தச் சின்னம் ஒன்று கண்டெடுக்கப்படும்போதெல்லாம் அதைத் தொடர்ந்து காணிப் பிரச்சினையும் வருகிறது. குருந்தூர்மலையில் நடந்தது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆகவே யாழ்ப்பாணத்துக் கந்தரோடையின் பழைய பௌத்தத் தூபிகளைப் பார்க்கும் தமிழ்ப் பிள்ளைக்கு அவை எதிராளியின் சான்றாகத் தெரிகின்றன. அவை தன் முன்னோர் கட்டியவையாக இருக்கலாம் என்ற எண்ணம் எழுவதற்கே இடமில்லாமற் போய்விட்டது.

தமிழில் பௌத்தம் அந்நியமானதே அல்ல. மணிமேகலைக் காப்பியம் எம்முடையது. அதில் வரும் மணிபல்லவத் தீவை நயினாதீவோடு சேர்த்து எண்ணுவது யாழ்ப்பாணத்து வழக்கம். அந்தக் காப்பியத்தில் மணிமேகலை வஞ்சி நகரில் அளவைவாதி முதல் பூதவாதி வரை எத்தனையோ சமயக் கணக்கர்களிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அதன் பிறகே காஞ்சியில் அறவண அடிகளிடம் புத்த தருமத்தை ஏற்கிறாள். பாணந்துறைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ப் பெண், பிற சமயத்தவரிடம் நேரே போய்க் கேட்டு அறிவதைத் தன் துறவுப் பாதையின் ஒரு படியாகவே கொண்டிருக்கிறாள்.

பாணந்துறையின் எதிரொலி தமிழகத்திலும் கேட்டது. அந்த விவாதத்தால் இலங்கைக்கு இழுக்கப்பட்ட ஒல்கொட்டின் துணையோடு அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் கொழும்புக்கு வந்து பஞ்சசீலம் ஏற்றார். சென்னைக்குத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ ஏட்டைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட தமிழரின் விடுதலைக்கு அவர் பௌத்தத்தைக் கருவியாக்கினார். ஒரே விவாதத்தின் விளைவு இலங்கையில் பெரும்பான்மையின் பெருமையாகவும், தமிழகத்தில் ஒதுக்கப்பட்டவரின் நிமிர்வாகவும் வளர்ந்தது. ஆகவே பௌத்தம் அதிகாரத்தின் சமயமாகவே இருந்தாக வேண்டும் என்பது விதியல்ல.

நான் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். என் முன்னோருக்கு இயேசு பீரங்கிக் கப்பலில் வந்தார். திருப்பல்லை உரலில் இடித்தவர்களும் அவர் பெயரைச் சொல்லியே இடித்தார்கள். இருந்தும் தலைமுறை தலைமுறையாக நாங்கள் பீரங்கி வேறு, இயேசு வேறு என்று பிரித்துப் பார்க்கக் கற்றோம். சைவ அயலவர்களும் எங்களுக்கு அந்தச் சலுகையைத் தந்தார்கள். எமக்குக் கிடைத்த அதே நியாயத்தைப் புத்தருக்கும் நாம் கொடுக்க வேண்டும். அரசியலமைப்பின் வாசகம் வேறு, புத்தரின் வாக்கு வேறு. படைமுகாமுக்குள் எழுந்த விகாரை வேறு, மைக்கல் றொட்ரிகோவைத் தங்களவராக ஏற்ற விகாரைத் துறவி வேறு.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதால் எம் நீதிக் கோரிக்கை பலவீனப்படாது, கூர்மைப்படும். நிலையான ‘நான்’ இல்லை என்று போதித்த சமயத்தின் பெயரால், நிலையான, தூய, கலப்பற்ற ஓர் இனத்தையும் அதற்கு மட்டுமே உரிய நிலத்தையும் எப்படி உரிமை கோர முடியும்? இந்தக் கேள்வியைப் பௌத்தத்தை அறிந்தவன்தான் பௌத்தரிடம் கேட்க முடியும். எதிரியாக நின்று கேட்டால் அது வசையாகும், மாணவனாக அமர்ந்து கேட்டால் அது அறக் கேள்வியாகும். அதே கேள்வி எம்மை நோக்கியும் திரும்பும். தன்னை மறுத்துச் சிலுவையைச் சுமக்கச் சொன்னவரைப் பின்பற்றும் நாங்கள், எம் கூட்டு ‘நானை’ எங்கே வைத்திருக்கிறோம்? சாதியின் பெயராலும் ஊரின் பெயராலும் எம்முள் ஒருவரையொருவர் ஒதுக்கினோமே, போரில் எம்மவராலேயே எம்மவரும் அயல் சமூகத்தவரும் துன்பப்பட்டார்களே, அதைச் சொல்ல எம் நா எழுகிறதா? உண்மையை இரு பக்கமும் சொல்லாத நல்லிணக்கம் நீண்ட நாள் நிற்காது.

இங்கே செய்யக்கூடியவை

முடிப்பதற்கு முன் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது வாசிப்பு. மணிமேகலையின் கடைசி நான்கு காதைகளையும் மலைப்பொழிவையும் அருகருகே வைத்து வாசிக்கும் ஒரு வட்டத்தை இந்தப் பகுதியில் தொடங்கலாம். தமிழர் மட்டும் கூடினால் போதாது. இந்நகரில் சிங்கள பௌத்தர்களும் விகாரைகளும் இருக்கின்றன. அவர்களையும் அழைப்போம், அவர்கள் அழைத்தால் நாமும் போவோம். மணிமேகலை என்று ஒரு நூல் தமிழில் இருப்பதையே அறியாத பௌத்தர்கள் பலர். அதை அவர்கள் அறிவதும் ஒரு மாற்றமே.

இரண்டாவது சேர்ந்து செய்யும் பணி. பிலிப்பைன்சிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள், எம்மவர்கள், இன்னும் எத்தனையோ நாட்டவர்கள் ஒரே மாடியில் நெருங்கி வாழும் இடம் இது. வாடகை ஏறும் கவலை, பழுதாகும் மின்தூக்கி, தனித்துப்போன முதியவர், தீவிபத்தில் வீடிழந்த குடும்பம் என்று இங்கே துன்பத்துக்குச் சமய வேறுபாடு இல்லை. புத்தலவில் நடந்ததை இங்கே செய்யப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. யாரையும் மாற்றும் எண்ணமில்லாமல் அயலவரின் கவலைக்குள் நுழைவது ஒன்றே தேவை.

மூன்றாவது, கடினமானது: நடந்தவற்றைப் பற்றிய பேச்சு. சிங்கள பௌத்தர் ஒருவரும் தமிழ்க் கிறிஸ்தவர் அல்லது சைவர் ஒருவரும் 1983 கலவரத்தையும் 2009இல் முடிந்த போரையும் பற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசும் இடம் வேண்டும். இலங்கையில் அதற்கு இடம் குறுகியிருக்கும்போது ரொறன்ரோவில் இடம் உண்டு. ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவைப் போல வெட்கப்படத் தெரிந்தவர்கள் மறு பக்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எம் பொறுப்பு. எம் வலியைச் சொல்லவும், எம் பக்கத்துத் தவறுகளைக் கேட்கவும் எம்மைத் தயார்செய்துகொள்வதும் எம் பொறுப்பு.

இளையோருக்கு ஒரு வார்த்தை. உங்களிற் பலர் போரைக் காணாதவர்கள், கதையாகக் கேட்டவர்கள். பெற்றோரின் வலியைச் சுமக்கும் கடமை உங்களுக்கு உண்டு, அவர்களின் அச்சத்தைச் சுமக்கும் கடமை இல்லை. புத்தரை அறிந்துகொள்வதால் நீங்கள் தமிழில் குறைந்துபோகமாட்டீர்கள், மணிமேகலையைப் பாடிய சாத்தனாரின் வாரிசாக ஒரு படி கூடுவீர்கள். இயேசுவைப் பின்பற்றுவதற்காக மேற்கத்தியராக மாற வேண்டியதும் இல்லை. நீதியை விடாமல் கேளுங்கள். அதைக் கேட்கும்போது மற்றவருடைய வேதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, அவருக்கு அருகே அமர்ந்து கேளுங்கள். அப்படிக் கேட்கப்படும் நீதியை மறுப்பது எவருக்கும் கடினம்.